குறிமுனையும் குண்டு போகும் வழியும்: ரொறன்ரோவின் கரிமருந்துத் துவக்குகள்

சென்ற மாதம் நமது வானொலியில் நான் நிகழ்த்திய உரையை எழுத்தில் தரும்படி சிலர் கேட்டிருந்தார்கள். நேரம் போதாமல் விட்டுப்போன விபரங்களையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

உரை ஒலிபரப்பான அன்றே ஒரு அம்மா தொலைபேசியில் அழைத்தார். "துவக்கைப் பற்றி இனியும் கதைக்க வேணுமோ தம்பி? அதுக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அடுத்த மூச்சிலேயே அவர் இன்னொன்றும் சொன்னார். பாடசாலைச் சுற்றுலாவில் போர்ட் யோர்க் கோட்டையைப் பார்த்துவந்த பேரன், "அம்மம்மா, அந்தப் பழைய துவக்கில குறி பார்க்க ஒண்டுமே இல்லையே, எப்படிச் சுட்டவை?" என்று கேட்டானாம். அவருக்குப் பதில் தெரியவில்லை. பேரனின் கேள்வி சின்னதாகத் தெரிந்தாலும், இந்த நகரத்தின் வரலாற்றில் பாதியை அதற்குள் அடக்கிவிடலாம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். துப்பாக்கி என்பது துருக்கிய மொழியிலிருந்து நம்மிடம் வந்த சொல். துவக்கும் அதன் உறவுதான் என்பார்கள். ஈழத்தில் துவக்கு என்ற சொல்லே நிலைத்துவிட்டது. எண்பதுகளுக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்தச் சொல்லோடு வேறு நினைவுகள்தான் வரும். ஆனால் அதற்கு முந்திய தலைமுறைக்கு, குறிப்பாக வன்னிப் பக்கத்து ஆட்களுக்கு, துவக்கு என்றால் இடியன் துவக்கு. குழலின் வாய்ப்பக்கமாக மருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து, கம்பியால் இடித்து இறுக்கி, சன்னத்தைப் போட்டு, மறுபடியும் அடைத்து இடிப்பதால் அது இடியன். ஒட்டுசுட்டானில் இருந்த என் பெரியப்பாவிடம் ஒன்று இருந்தது. வயலுக்கு வரும் பன்றிக்காக வைத்திருந்தார். அடைப்புக்குத் தேங்காய்த் தும்புதான். குறி பார்க்க அதில் ஒன்றும் இல்லை. குழல் நுனியில் பித்தளைப் பொட்டு ஒன்று ஒட்டியிருந்ததாக நினைவு. இருபது முப்பது அடி தூரத்தில், இருட்டில், பரண்மேல் இருந்து சுடுகிறவருக்கு அதற்குமேல் என்ன தேவை? சன்னம் பரந்து போகும். அதில் ஒன்றிரண்டு பட்டால் போதும்.

போர்ட் யோர்க்கில் பேரன் பார்த்ததும் ஏறக்குறைய அந்த இனம்தான். 'பிரவுண் பெஸ்' என்று பட்டப்பெயர் பெற்ற பிரித்தானிய மஸ்கெற். குழலின் உட்பக்கம் வழவழப்பானது. ஈயக் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. அதனால் குழலுக்குள் அது இங்கும் அங்கும் தட்டிக்கொண்டே வெளியேறும். கடைசியாக எந்தப் பக்கம் தட்டியதோ அதைப் பொறுத்துத்தான் அது போகும் திசை. நூறு யாருக்கு அப்பால் ஒரு தனி ஆளைப் பார்த்துச் சுடுவது வீண் வேலை. ஆகவே அந்தக் காலத்துப் படைகள் வரிசையாக நின்று, எல்லோரும் ஒரே நேரத்தில், எதிர்வரிசையை நோக்கிச் சுட்டன. குழல் நுனியில் சின்னக் கட்டை ஒன்று இருக்கும். அது துவக்குக் கத்தியைப் பூட்டுவதற்கானது. குறி பார்ப்பதற்கென்று அதை யாரும் வைக்கவில்லை. பேரனுக்கான பதில் இதுதான்: குறி இல்லாததற்குக் காரணம், குறி வைத்தும் பயனில்லை என்பது.

1813 ஏப்ரல் 27ஆம் திகதி அமெரிக்கர்கள் இந்த ஊரில் வந்து இறங்கியபோது, அப்போது இதற்குப் பெயர் யோர்க், முதலில் கரையேறியது போர்சைத் என்பவரின் ரைபிள் படை. அவர்கள் கையில் இருந்த துவக்குகளின் குழலுக்குள் சுருள் சுருளாக வரிகள் வெட்டப்பட்டிருந்தன. குண்டு சுழன்றுகொண்டு வெளியே வரும். பம்பரம் போல நேராக நிற்கும். அந்தத் துவக்குகளில் முன்னும் பின்னும் குறிகள் இருந்தன. அவர்களைக் கரையில் முதலில் எதிர்த்து நின்றவர்கள் மிசிசாகா, ஒஜிப்வே வீரர்கள். அவர்களோடு நின்ற அதிகாரி கிவின்ஸ். அவருடைய பெயரில் நகரின் மேற்கில் இன்றும் ஒரு தெரு இருக்கிறது. அன்று மாலைக்குள் பிரித்தானியர் பின்வாங்கினார்கள். போகும்போது கோட்டையின் வெடிமருந்துக் கிடங்குக்குத் தீ வைத்துவிட்டார்கள். அமெரிக்கத் தளபதி பைக் அந்த வெடிப்பில்தான் இறந்தார். அமெரிக்கப் பக்கத்தில் கொல்லப்பட்டோரும் காயப்பட்டோருமாக அந்த ஒரு வெடிப்பிலேயே 200 பேருக்கு மேல். கரிமருந்துதான், ஆனால் ஒரே இடத்தில் குவிந்துகிடந்தால் அது என்ன செய்யும் என்று நம்மில் பலருக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி, குறி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இதை விளங்கிக்கொண்டால் பின்னால் வரும் வரலாறு தானாக விளங்கும்.

துவக்கின் குறி என்பது இரண்டு துண்டு இரும்பு. குழல் நுனியில் நிற்கும் மெல்லிய கூர் முன்குறி. கண்ணுக்குக் கிட்ட இருக்கும், நடுவில் வெட்டுள்ள தகடு பின்குறி. வெட்டின் நடுவே கூரின் நுனி தெரிய வேண்டும். அந்த நுனிமேல் இலக்கு இருக்க வேண்டும். கண், வெட்டு, கூர், இலக்கு நான்கும் ஒரு கோட்டில். ஆனால் குண்டு அந்தக் கோட்டில் போவதில்லை. வாயைவிட்டு வெளியே வந்த கணத்திலேயே நிலம் அதை இழுக்கத் தொடங்குகிறது. கரிமருந்துத் துவக்கில் குண்டு மெதுவானது; செக்கனுக்கு ஆயிரம் அடி, அதைவிடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அதனால் அதன் பாதை நன்றாகவே வளைந்திருக்கும். தூரத்தில் இருப்பதை அடிக்க வேண்டுமானால், குழலைச் சற்று மேல்நோக்கிப் பிடித்து, மாங்காய்க்குக் கல் எறிவது போல வளைத்து எறியவேண்டும். எவ்வளவு மேல்நோக்கி என்பதைச் சொல்வதுதான் குறியின் வேலை.

திருத்தும் விதி எளிது. சூடு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்த வேண்டும். முன்குறிக்கு இது நேர்எதிர். பின்குறியை உயர்த்தினால், கூரின் நுனியை வெட்டுக்குள் கொண்டுவரக் குழலின் வாயையும் உயர்த்தியாக வேண்டும். ஆகவே குண்டு மேலே போகும். முன்குறியை உயர்த்தினால் வாயைத் தாழ்த்த வேண்டிவரும். குண்டு கீழே போகும்.

எவ்வளவு என்பதற்குச் சின்னக் கணக்கு. இரு குறிகளுக்கும் இடையே 30 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 யார் என்பது 3,600 அங்குலம். அதாவது 120 மடங்கு. குறியில் ஒரு அங்குலத்தின் இருபதில் ஒரு பங்கு தவறினால், இலக்கில் 6 அங்குலம் தவறும். குறியில் மிகச் சிறிய மாற்றம்கூட அங்கே பெரிய மாற்றமாகத் தெரியும். அதனால்தான் பழைய துவக்குச் செய்பவர்கள் முன்குறியை வேண்டுமென்றே உயரமாக வைத்து அனுப்புவார்கள். புதுத் துவக்கு கீழே சுடும். வாங்கியவர் சுட்டுப் பார்த்து, அரத்தால் கொஞ்சம் அராவி, மறுபடியும் சுட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் அராவி, சரிக்குக் கொண்டுவருவார். அராவினால் குறைக்கலாம், கூட்ட முடியாது. அதில் அவசரப்பட்டவன் புதுக் கூர்தான் வாங்க வேண்டும். இடம் வலம் திருத்துவதற்கு, குறி பொருந்தியிருக்கும் பள்ளத்தில் அதைப் பக்கவாட்டாக மெல்லத் தட்டுவார்கள். தட்டுவதற்குப் பித்தளை அல்லது செம்புக் கம்பி. இரும்பால் தட்டினால் வடு விழும். தட்டும் முன் குழலிலும் குறியிலும் சேர்த்து ஒரு மெல்லிய கோடு கீறிக்கொண்டால், எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும், வேண்டுமானால் பழைய இடத்துக்கே கொண்டுவரவும் முடியும்.

இதில் கரிமருந்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அது எரிந்தபின் குழலுக்குள் கரியும் உப்புமாகப் படிந்து இறுகிவிடும். துடைத்த குழலில் போன முதல் சூடு ஒரு இடத்தில், அழுக்கான குழலில் போன ஐந்தாவது சூடு வேறு இடத்தில். ஆகவே ஒவ்வொரு சூட்டுக்கும் முன் ஈரத்துணியால் ஒரே மாதிரித் துடைக்க வேண்டும். மருந்தின் அளவை மாற்றினாலும் குண்டு விழும் இடம் மாறும். மருந்தின் அளவை முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் குறியைத் தொட வேண்டும். ஒரு சூட்டைப் பார்த்துக் குறியைத் திருத்துகிறவன் தன் கை நடுக்கத்தையே திருத்திக்கொண்டிருப்பான். மூன்றோ ஐந்தோ சுட்டு, அவற்றின் நடுவை எடுத்துக்கொள்வதே முறை. வெயில் ஒரு பக்கமாக அடித்தால் முன்குறியின் அந்தப் பக்கம் மினுங்கும். கண் அந்த மினுக்கத்தையே நடு என்று எடுத்துக்கொள்ளும். சூடு வெயிலுக்கு எதிர்ப்பக்கம் போய்விடும். இதற்குப் பழைய ஆட்கள் கண்ட வழி, விளக்குப் புகையில் காட்டி முன்குறியைக் கரியாக்குவது. நம் ஊர்க் குப்பிவிளக்கு இந்த வேலைக்கு அருமையாகப் பொருந்தியிருக்கும்.

இப்போது வரலாற்றுக்குத் திரும்புவோம். 1853இல் பிரித்தானியர் என்பீல்ட் ரைபிளைப் படைக்கு எடுத்தார்கள். வாய்வழியாக நிரப்பும் ஒற்றைச் சூட்டுத் துவக்கு. ஆனால் குழலுக்குள் சுருள் வரிகள். பின்குறியோ ஒரு சிறு ஏணி. 400 யார் வரை படிப்படியாக உயர்த்தலாம். அதற்கு மேல் ஏணியை நிமிர்த்தி, சறுக்குத் தகட்டை மேலே தள்ளி 900 யார் வரை வைக்கலாம். சாதாரணப் படைவீரன் ஒருவனும் அரை மைல் தூரத்தை எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருந்தது. அதே ஆண்டில் ஹைத் என்ற இடத்தில் துவக்குப் பயிற்சிப் பள்ளி ஒன்று தொடங்கினார்கள். அங்கே முக்கிய பாடம் சுடுவது அல்ல, தூரத்தை மதிப்பிடுவது. காரணம் வளைவு. 300 யாருக்கு ஏணியை வைத்து ஒருவன் இடுப்பைக் குறிபார்த்தால், குண்டு நடுவழியில் ஆள் உயரத்துக்கு மேலாகப் போகும். 500 யாருக்கு வைத்தால் நடுவழியில் பத்தடிக்கு மேல் உயர்ந்துவிடும். எதிரி 300 யாரில் நிற்க, 500 என்று தவறாக எண்ணினால் குண்டு தலைக்கு மேலால் போய்விடும். ஏணி எவ்வளவு நல்லதோ, அதைப் பிடித்தவனின் கணிப்பு அவ்வளவு நல்லதாக இருக்கவேண்டும்.

இந்த என்பீல்ட் துவக்குத்தான் 1857இல் இந்தியாவை உலுக்கியது. பசு, பன்றிக் கொழுப்புத் தடவிய தோட்டாக் கதை பாடப்புத்தகத்தில் உண்டு, எல்லோருக்கும் தெரியும். பாடப்புத்தகத்தில் வராத அடுத்த அத்தியாயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிளர்ச்சியை அடக்கிய பின், இந்தியச் சிப்பாய்களுக்கென்று பிரித்தானியர் தனியாக ஒரு துவக்கைச் செய்வித்தார்கள். வெளிப்பார்வைக்கு அதே என்பீல்ட். உள்ளே சுருள் வரிகள் இல்லை. குழல் அகலமாகக் கடையப்பட்டிருந்தது. ஏணிக்குறியும் இல்லை, அந்த இடத்தில் உயர்த்தவோ தாழ்த்தவோ முடியாத சிறு கட்டை. வெள்ளையனின் கையில் 900 யார், சிப்பாயின் கையில் மறுபடியும் பழைய காலத்து நூறு யார். பின்னர் வெள்ளைப் படைக்குப் பின்பக்கமாக நிரப்பும் புதிய துவக்குகள் வந்து, அதற்கடுத்த தலைமுறையும் வந்தபோதுதான் பழையவை சிப்பாய்களுக்கு இறங்கின. எப்போதும் ஒரு தலைமுறை பின்னால். நம்பிக்கை இல்லாத இடத்தில் முதலில் கழற்றப்பட்டது குறிதான் என்பது யோசிக்க வேண்டிய விடயம்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் குறி பார்த்துச் சுடுவது கனவான்களின் விளையாட்டாகியது. 1860 யூலை 2ஆம் திகதி விம்பிள்டனில் முதல் போட்டியைத் தொடக்கிவைத்தவர் விக்ரோறியா மகாராணி. துவக்கு ஒரு இரும்புத் தாங்கியில் இறுக்கப்பட்டிருந்தது. விற்வேர்த் என்ற பொறியியலாளர் குறியை முன்பே சரிசெய்து வைத்திருந்தார். மகாராணி செய்தது பட்டு நூலை இழுத்தது மட்டும். 400 யாரில் குண்டு நடுப்புள்ளிக்கு இரண்டு அங்குலத்துக்குள் விழுந்தது. கைதட்டல் மகாராணிக்கு! இந்த விளையாட்டு கனடாவுக்கும் வந்தது. ஒன்ராறியோ ரைபிள் சங்கம் 1868இல் தொடங்கியது. கனடா உட்படப் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் அணிகள் போட்டியிட்ட கிண்ணங்களில் ஒன்றின் பெயர் கோலாப்பூர்க் கிண்ணம். மராட்டிய தேசத்து மகாராஜா ஒருவரின் நன்கொடை. சிப்பாய்க்கு ஏணிக்குறி இல்லாத அதே காலத்தில் மகாராஜா கிண்ணம் கொடுக்கிறார்.

ரொறன்ரோவுக்கு வருவோம். 1847ஆம் ஆண்டில் இந்த ஊரின் சனத்தொகை சுமார் 20,000. அந்த ஒரே கோடையில் அயர்லாந்துப் பஞ்சத்திலிருந்து தப்பிவந்து இங்கே கரையிறங்கியவர்கள் 38,000க்கும் மேல். காய்ச்சலில் 1,100க்கு மேற்பட்டோர் இங்கேயே இறந்தார்கள். பதேஸ்ற் வீதி ஏரியைத் தொடும் இடத்தில், 2007இல் திறக்கப்பட்ட அயர்லாந்துப் பூங்காவில் அவர்களுடைய பெயர்கள் கல்லில் இருக்கின்றன. போர்ட் யோர்க்கிலிருந்து நடந்தே போகலாம். எலும்பும் தோலுமான அந்தச் சிலைகளைப் பார்த்துவிட்டு, கப்பலிலும் விமானத்திலும் வந்த நமது ஆட்கள் பேசாமல் நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

அதே பஞ்சத்துக்குத் தப்பி அமெரிக்காவுக்குப் போன அயர்லாந்துக்காரரில் ஒரு பகுதியினர் அங்கே உள்நாட்டுப் போரில் சண்டையிட்டுப் பழகினார்கள். போர் முடிந்ததும், தாய்நாட்டை விடுவிக்கப் பிரித்தானியாவைக் கனடாவில் வைத்து அடிப்பது என்று முடிவெடுத்தார்கள். பீனியன்கள் என்று பெயர். 1866 யூன் முதலாம் திகதி ஜோன் ஓநீல் தலைமையில் நயாகரா ஆற்றைக் கடந்தார்கள். அவர்களை மறிக்க ரொறன்ரோவிலிருந்து புறப்பட்டது குயீன்ஸ் ஓன் ரைபிள்ஸ் என்ற தொண்டர் படை. அதில் கடைச் சிப்பந்திகள், எழுதுவினைஞர்கள். ஒரு கம்பனி முழுவதும் யூனிவர்சிற்றிக் கல்லூரி மாணவர்கள், பரீட்சைக் காலம். பெரும்பாலானோர் கையில் ஏணிக்குறி என்பீல்ட். ஆனால் பலர் உண்மைக் குண்டு வைத்துச் சுட்டுப் பழகியதே இல்லை. தூரம் மதிப்பிடும் பாடத்தை யாரும் அவர்களுக்கு நடத்தவில்லை. 900 யார் வரை எண் பொறித்த குறி, அதை எந்த எண்ணில் வைப்பது என்று தெரியாத பொடியன்கள். எதிரே நின்றவர்களோ நான்கு வருடம் சுட்டுச் சுட்டே வளர்ந்தவர்கள்.

யூன் 2, ரிட்ஜ்வே. தொடக்கத்தில் தொண்டர்கள் முன்னேறினார்கள். பிறகு குதிரைப்படை வருகிறது என்று யாரோ கத்த, சதுரமாக நிற்கும்படி கட்டளை பிறந்தது. குதிரைப்படை வரவில்லை. நெருக்கமாக நின்ற சதுரத்தின் மேல் சூடு விழுந்தது, கட்டளைகள் குழம்பின, படை கலைந்து ஓடியது. கனடாப் பக்கத்தில் களத்தில் விழுந்தவர்கள் 9 பேர். அவர்களில் மூவர் மாணவர்கள்: மக்கென்சி, மியூபேர்ண், ரெம்பெஸ்ற். வென்ற பீனியன்களுக்கும் பின்னால் உதவி வரவில்லை. அமெரிக்க அரசு ஆற்றை மறித்துவிட்டது. திரும்பிப் போய்ச் சரணடைந்தார்கள். அயர்லாந்து அப்படியே இருந்தது.

குயீன்ஸ் பார்க்குக்கு மேற்குப் பக்கத்தில், யூனிவர்சிற்றிக்குக் கிட்ட, 1870இல் எழுப்பிய அந்த மாணவர்களின் நினைவுத்தூண் நிற்கிறது. நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அந்தப் பக்கத்தால் வகுப்புக்குப் போய்வருகிறார்கள். அரசு நீண்ட காலம் அந்தச் சண்டையை மறக்கவே விரும்பியது. 1890இல் உயிர்தப்பிய பழைய தொண்டர்கள் தாங்களாகவே பூக்களோடு அந்தத் தூணுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு வருடா வருடம் யூன் மாதத்தில் அது நடந்தது. பிற்பாடு நவம்பர் 11ஆம் திகதி வரும்வரை இந்த நாட்டின் நினைவு நாள் அதுதான். நினைவு நாள் ஒன்று எப்படித் தொடங்குகிறது, யார் அதை விரும்புகிறார்கள், யார் விரும்புவதில்லை என்பதெல்லாம் நமக்கும் தெரிந்த கதை.

ரிட்ஜ்வேக்குப் பிறகு கனடாத் தொண்டர்களுக்கு ஸ்னைடர் வந்தது. புதிய துவக்கு அல்ல. பழைய என்பீல்ட் துவக்கின் பின்பக்கத்தை வெட்டி, ஒரு மூடி பூட்டி, தோட்டாவைப் பின்னால் போடும்படி செய்தது. இன்னமும் கரிமருந்து, இன்னமும் ஒற்றைச் சூடு. ஆனால் நிமிடத்துக்கு மூன்று என்றிருந்தது பத்துவரை கூடியது. இடிக்க எழும்பி நிற்கத் தேவையில்லை. படுத்துக்கொண்டே நிரப்பலாம், சுடலாம். அதைக் கண்டுபிடித்த ஸ்னைடர் என்ற அமெரிக்கர் 1866இல் கடனோடு இறந்துபோனார்.

அந்த ஸ்னைடரோடுதான் 1885 மார்ச் இறுதியில் குயீன்ஸ் ஓன் ரைபிள்சும் ரோயல் கிரனேடியர்சும் ரொறன்ரோ ரயில் நிலையத்திலிருந்து மேற்கே புறப்பட்டார்கள். ஊரே திரண்டு வழியனுப்பியது. சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே தண்டவாளம் முடிக்கப்படாத இடங்களில் பனியில் நடந்தார்கள். இந்தத் தடவை எதிரே இருந்தவர்கள் எல்லை தாண்டி வந்தவர்கள் அல்லர். சஸ்கச்சுவான் ஆற்றங்கரையில் தங்கள் காணிக்கு உறுதி கேட்ட மேற்றி மக்களும், ஒப்பந்தம் போட்டும் பட்டினி கிடந்த கிறீ மக்களும்.

மே 2ஆம் திகதி, கட் நைப் குன்று. விடியற்காலையில் தூங்கிக்கொண்டிருந்த முகாமைத் தாக்கப் போனார் ஒற்றர் என்ற தளபதி. குயீன்ஸ் ஓன் படையினரும் அதில் இருந்தார்கள். கிறீ, அசினிபொயின் வீரர்கள் பள்ளங்களுக்குள் மறைந்து மறைந்து சுட்டார்கள். எங்கிருந்து சூடு வருகிறது என்றே தெரியாதவனுக்கு ஏணிக்குறியில் என்ன பயன்? சில மணி நேரத்தில் படை பின்வாங்கியது. துரத்தியிருந்தால் பெரும் அழிவு நடந்திருக்கும். துரத்த வேண்டாம் என்று தன் ஆட்களைத் தடுத்தவர் தலைவர் பவுண்ட்மேக்கர். அதற்கு அவருக்குக் கிடைத்தது தேசத்துரோகக் குற்றமும் சிறையும். வெளியே வந்த சில மாதங்களில், 1886 யூலையில் இறந்தார். அவர் குற்றமற்றவர் என்று கனடாப் பிரதமர் அந்த மக்களின் மண்ணுக்கே போய்ச் சொன்னது 2019 மே மாதம். இடையில் 133 வருடங்கள்.

மே 9 முதல் 12 வரை பட்டோஷ். அங்கே மேற்றி மக்கள் வெட்டியிருந்த குழிகள் மிகத் திறமையானவை. வேட்டைக்காரர்கள் அவர்கள், எருமை வேட்டையில் வளர்ந்தவர்கள், அவர்களுடைய தளபதி கபிரியேல் டூமோன் தன் துவக்குக்கு 'சின்னவன்' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார். குறி பார்ப்பதில் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை. இல்லாமல் போனது ரவை. கடைசி நாளில் ஆணியையும் கல்லையும் துவக்கில் போட்டுச் சுட்டார்கள். வாய்வழியாக நிரப்பும் பழைய துவக்குகள் பல அவர்களிடம் இருந்ததால்தான் அதாவது முடிந்தது. ஆணிக்குக் குறி எதற்கு? சுருள் வரியில் சுழலாத எதுவும் நேராகப் போகாது. இருபது யாருக்கு மேல் அது வெறும் சத்தம். விழுந்தவர்களில் ஜோசப் வெலெற் என்ற முதியவருக்கு 93 வயது. இந்தப் பகுதியை வானொலியில் வாசிக்கும்போது என் குரல் ஒருமுறை நின்றது. நேயர்கள் சிலர் அதைக் கவனித்ததாகச் சொன்னார்கள்.

மேற்றித் தலைவர் லூயி ரியெல் அதே ஆண்டு நவம்பர் 16இல் தூக்கிலிடப்பட்டார். ரொறன்ரோத் தொண்டர்களுக்கு ஊர் விழா எடுத்தது. 1896இல் அவர்களுக்கும் குயீன்ஸ் பார்க்கில் ஒரு சிலை எழுந்தது. மாணவர்களின் தூணுக்கும் இதற்கும் சில நிமிட நடைதான். மற்றப் பக்கத்துக்கு அங்கே கல் எதுவும் இல்லை.

அதே 1896இல் கரிமருந்தின் காலம் இங்கே முடிந்தது. புகையில்லா மருந்தும், வேகமான சிறு குண்டும், பல ரவை கொள்ளும் லீ-என்பீல்ட் துவக்கும் வந்தன. குண்டின் வழி நேராகியது. தூரத்தைத் தவறாக எண்ணினாலும் முன்போல் பிழைக்கவில்லை. இன்று ஒன்ராறியோவில் பழைய கரிமருந்துத் துவக்கு வைத்து வேட்டைக்கும் போட்டிக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். நமது இளைஞர்களிலும் ஓரிருவரை அறிவேன். 1898க்கு முன் செய்த துவக்குகளுக்கு, சில நிபந்தனைகளோடு, சட்டம் தனியான இடம் தருகிறது. ஆனால் தொப்பி வைத்து வெடிக்கும் பழைய மாதிரியில் இன்று புதிதாகச் செய்தவற்றுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஊரில் இடியன் பிடித்த பழக்கத்தில் யாரும் இங்கே தாங்களாக ஒன்றைத் தொடங்கிவிட வேண்டாம்.

முடிக்க முன் நகரின் மேற்கு எல்லைக்கு ஒருமுறை போய்வருவோம். லோங் பிராஞ்ச் கோ ரயில் நிலையத்துக்குச் சற்று மேற்கே, மிசிசாகா எல்லைக்குள், லேக்ஷோர் வீதியில் ஏரிப்பக்கமாகப் பழைய சூட்டுத்திடல் இருந்தது. 1890களிலிருந்து ரொறன்ரோத் தொண்டர்கள் ஸ்னைடரோடு வந்து பழகியது அங்கேதான். 1915இல் அதே நிலத்தில் கனடாவின் முதல் விமானத் திடல் அமைந்தது என்பது வேறு கதை. இரண்டாம் உலகப்போரில் அங்கே ஒரு துவக்குத் தொழிற்சாலை எழுந்தது. 1945 வரை 9 லட்சத்துக்கு மேற்பட்ட லீ-என்பீல்ட் துவக்குகள் அங்கே செய்யப்பட்டன. வேலை செய்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். நம்மில் மூத்தவர்கள் '303' என்று சொன்னால் உடனே கண்முன் காண்பார்களே, இலங்கைப் பொலிஸ்காரர்கள் தோளில் கொழுவிக்கொண்டு சந்தியில் நின்ற அதே குடும்பத்துத் துவக்கு.

அதிலும் முன்குறி இருந்தது. ஆனால் அராவும் வேலை இல்லை. முன்குறிக் கூர்கள் ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு வித்தியாசத்தில் பல உயரங்களில் செய்யப்பட்டன. ஒவ்வொரு துவக்கையும் சுட்டுப் பார்த்து, கீழே போனால் ஒரு அளவு குறைந்த கூர், மேலே போனால் ஒரு அளவு கூடிய கூர். ஒரு அளவு மாற்றினால் 100 யாரில் ஏறக்குறைய 2 அங்குலம் மாறும். அரம் பிடித்தவனின் பொறுமையை ஒரு பெட்டி நிறைந்த இரும்புத் துண்டுகள் செய்துமுடித்தன.

தொழிற்சாலை இடிந்துபோயிற்று. துவக்குகளைப் பரிசோதித்த கட்டடம் மட்டும் எஞ்சியிருந்து, 2018 முதல் கலைக்கூடமாக இயங்குகிறது. பின்னால் ஏரிக்குப் போகும் வழியில், தவறிய குண்டுகளை மறிக்க நட்ட மரத் தடுப்புகள் சில இன்னும் நிற்கின்றன. வார இறுதியில் பிள்ளைகளோடு போகலாம். வாகனம் நிறுத்த இடம் உண்டு.